ஆள் வேலையில் இருக்கிறார்

"அத்தான், காலை நல்லா மேல தூக்குங்க. சரியுது பாருங்க," என்றான் மச்சான், தலைப்பக்கத்திலிருந்து.

மாப்பிள்ளை தூக்கினான். மூன்றாவது மாடியிலிருந்து தரைக்கு நாற்பத்திரண்டு படி. லிஃப்டுக்கு இடம் விடாமல் கட்டிய கட்டடம். பீரோ என்றால் திருப்பத்தில் நிமிர்த்தித் திருப்பிவிடலாம், மனுஷனை என்ன செய்வது? கனத்த போர்வையில் கிடத்தி, நாலு பேர் நாலு முனையையும் முறுக்கிப் பிடித்து, நின்று நின்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைப்பக்கம் மச்சானும் கீழ்வீட்டுத் தையல்காரரும். கால்பக்கம் மாப்பிள்ளையும், பால் பாக்கெட் போட வந்து மாட்டிக்கொண்ட ஒருவரும்.

"முப்பது வருஷம் தோள்ல ஏணியைப் போட்டுக்கிட்டு ஊர் படியெல்லாம் ஏறி இறங்கின மனுஷன்," என்றார் தையல்காரர், மூச்சு வாங்கியபடி. "கடைசியில இந்தப் படிதான் அவரை வீட்டோட கட்டிப்போட்டுச்சு."

போர்வைக்குள் உயிரில்லாமல் கிடந்தவர் மாப்பிள்ளையின் மாமனார். மின்சார ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் லைன்மேன்தான். லைன்மேன் வீட்டு மாப்பிள்ளை என்பதால் இவனும் தெருவுக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டான். சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எட்டு மாதத்துக்கு முன் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. படி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது, மீறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகள் வீட்டு மூன்று அறைக்குள்தான் அவருடைய நடமாட்டம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நாற்காலியில் உட்காரவைத்து இறக்குவார்கள்.

இரண்டாவது திருப்பத்தில் மாமனாரின் பாதம் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே வந்தது. வலது குதிகாலில் வெள்ளையாக அப்பியிருந்தது. அது என்ன என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வெயில் கீழே இறங்காமல் இருக்க மொட்டைமாடித் தரைக்குப் போன மாதம் அடித்த சுண்ணாம்பு. செருப்பில்லாமல் மேலே போனால் யார் காலிலும் அப்படித்தான் ஒட்டும். கட்டைவிரலால் அதைத் தேய்த்தான். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்துவிட்டு, போர்வை நுனியை இழுத்து மூடினான். மற்ற மூவரும் படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான். நினைத்த மறுகணமே, செத்தவர் காலைத் துடைத்துத் தடயத்தை மறைக்கிற ஆளாகிவிட்டோமே என்று கூசியது.

இது காலையில் டாக்டர் வந்தபோதே தொடங்கியது.

"மூணு, மூணரைக்கு ஆகியிருக்கும். ஹார்ட்டுதான்," என்ற டாக்டர், பையை மூடிக்கொண்டே கேட்டார். "நேத்து ஏதாவது சிரமப்பட்டாரா? படி கிடி ஏறினாரா?"

"இல்லையே டாக்டர். வாசலே தாண்டலை," என்றாள் மகள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, இல்லைதானே?"

"இல்லை," என்றான் மாப்பிள்ளை.

சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. அதைக் காப்பாற்றத்தான் அன்று பகல் முழுவதும் அவன் நாயாய் அலைந்தான்.

"அப்ப என் தப்புதான் டாக்டர்," என்றாள் அவள். "பதினோரு மணிக்கு எழுப்பினாரு. இடது கை குடையுதுன்னாரு. தைலம் தேய்ச்சுவிட்டு, ஒருக்களிச்சுப் படுத்திருப்பீங்க, பேசாம தூங்குங்கப்பான்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டேன். ஒரு போன் போட்டிருந்தா நீங்க வந்திருப்பீங்க."

டாக்டர் மறுத்துச் சொல்லவில்லை. "இதெல்லாம் யாருக்கும் அந்த நேரத்துல தெரியறதில்லைம்மா," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொதுவான பேச்சு அவளுக்குப் போதுமானதாக இல்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் தைலம் தேய்த்த கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும், "படி கிடி ஏறினாருன்னு தெரிஞ்சிருந்தாலாவது சந்தேகப்பட்டிருப்பேன். சும்மா படுத்துக்கிடந்த மனுஷனுக்குக் கை வலிச்சா என்னன்னு நினைப்பேன்?" என்று முடித்தாள். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை அங்கே நின்றான். ஒரு வார்த்தை சொன்னால் அவள் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். இறங்கி எங்கே உட்காரும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நாற்பத்தாறு வயதில் ஒருவனுக்கு வானத்தைப் படம் பிடிக்கும் ஆசை வந்தால் வீட்டில் யாரும் ஆரத்தி எடுப்பதில்லை. மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வேலை. ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவான். இருபது வருஷமாக அதுதான். முதலாளியின் மகன் தன் பழைய கேமராவை விற்றபோது அதை வாங்கிக்கொண்டு வந்தான். "லென்ஸைப் பத்தி எனக்கா சொல்லித்தரணும்?" என்று வீட்டில் ஒரு பெருமை வேறு.

முதல் ராத்திரி எடுத்த படத்தில் வானம் முழுக்க ஆரஞ்சு நிறம், எதிரே தெருவிளக்கு. இரண்டாவது ராத்திரி எடுத்ததெல்லாம் கன்னங்கரேல். நாற்பது படம் எடுத்த பிறகுதான் லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்று கண்டான். மனைவி சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாவது தடவை எல்லாம் ஆடிப்போயிருந்தது. நட்சத்திர வெளிச்சம் போதுமான அளவு உள்ளே வர, ஒரு படத்துக்கு இருபத்தைந்து நொடி கேமராவின் கண் திறந்தபடி இருக்க வேண்டும். அதற்குள் பக்கத்தில் யாராவது நடந்தால்கூட ஸ்டாண்டு ஆடிவிடும். வீட்டில் எல்லோருக்கும் இதைப் பாடமாகச் சொல்லி வைத்தான். கேட்டுக்கொண்டவர் மாமனார் ஒருவர்தான்.

"நேத்து எத்தனை மாட்டுச்சு மாப்பிள்ளை?" என்று மறுநாள் காலையில் மீன் பிடித்து வந்தவனை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். ஒருநாள் சொன்னார்: "ராத்திரி கம்பத்து மேல உக்காந்திருக்கும்போது நான் பார்ப்பேன். தெருவுல கரண்ட் இருக்காது பாருங்க, அள்ளி எறிஞ்ச மாதிரி தெரியும். நான் வேலையை முடிச்சு லைட்டு வந்துச்சுன்னா அவ்வளவும் போயிடும். சீக்கிரம் முடிக்கணுமேன்னு கீழ இருக்கிறவங்க திட்டுவாங்க. எனக்கு முடிக்கவே மனசு வராது."

இன்னொரு நாள், தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "என்னை ஒண்ணு எடுங்களேன். இவ்வளவு பெரிய கேமரா, சும்மாதானே இருக்கு."

"முதல்ல கத்துக்கறேன் மாமா," என்றான் மாப்பிள்ளை. அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

முந்தாநாள் சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே புலம்பினான். "இந்தத் தெருவிளக்கு இருக்கிறவரைக்கும் ஒண்ணும் நடக்காது. நான் கேமராவைத் தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான்." மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார். மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு மாப்பிள்ளை மேலே போனான். பத்தரை இருக்கும், திடீரென்று தெருவிளக்கு ஆறும் அணைந்தன. வீடுகளில் விளக்கு இருந்தது, தெருவில் மட்டும் இல்லை. ஏதோ கோளாறு, நமக்கு அடித்தது யோகம் என்று நினைத்தான். வேறென்ன நினைப்பான்? தலையைத் தூக்கினால் வானம் முழுக்கப் பொரிந்து கிடந்தது. பரபரவென்று ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். ஏழாவதோ எட்டாவதோ திறந்திருந்தபோது படிக்கட்டுக் கதவு கிரீச்சிட்டது. டார்ச் வெளிச்சம் தரையில் ஊர்ந்து வந்து லென்ஸின் மேல் பட்டது.

மாமனார் நின்றுகொண்டிருந்தார். கேமராவுக்கு எதிரே, பத்தடி தூரத்தில். மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது.

"வெளிச்சத்தை எடுங்க மாமா. எத்தனை தடவை சொல்றது?"

பெரியவர் பதறிப்போய் டார்ச்சை அணைக்காமல் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். "ஒரு விஷயம் சொல்லத்தான் மாப்பிள்ளை..."

"ஒரு விஷயமும் வேண்டாம். கீழ வீடு பூரா உங்களுக்குத்தான். டிவி உங்களுக்கு, ஜன்னல் உங்களுக்கு, எந்நேரமும் உங்க இருமல். எனக்குன்னு இருக்கிறது இந்த மொட்டைமாடி ஒண்ணு. இங்கேயும் வரணுமா?"

அவர் அசையவில்லை. திட்டி முடிக்கும்வரை தலையைக் குனிந்து அப்படியே நின்றார். பிறகு, "தப்புதான்," என்றார். நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றி, கையில் எடுத்துப் போய்க் கதவருகே வைத்தார். நடந்தால் ஸ்டாண்டு ஆடும் என்று அவன் சொன்ன பாடம் நினைவு வந்திருக்கும். வெறுங்காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வீட்டிலிருந்து மொட்டைமாடிக்குப் பதினாலு படி. டாக்டர் வேண்டாம் என்ற படி. மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை, கேமராவின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணிவரை எடுத்தான்.

உடம்பைக் கீழே கொண்டுவந்து, தையல்கடைக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் கிடத்தினார்கள். மகள் இறங்கி வந்தாள். வந்தவர்களின் செருப்புகள் மேலே வாசலில் மலையாகக் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அப்பா செருப்பைக் காணோம். இந்தக் கூட்டத்துல யாராவது மாட்டிக்கிட்டுப் போயிடப் போறாங்க. எடுத்து உள்ள வைக்கலாம்னு பார்த்தேன், எங்கேயும் இல்லை."

"நான் பார்க்கிறேன்," என்றான்.

"எட்டு மாசமா வாசல்லயேதான் கிடந்தது. அதுக்கு எங்க போக வேலை இருக்கு?"

அவன் ஐம்பத்தாறு படியும் ஏறினான். மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, ஜோடி சேர்த்து வைத்திருந்தது செருப்பு. அவசரமாகத் துரத்தப்பட்டவர்கூட இப்படி நேராக வைத்துவிட்டா போவார் என்று இருந்தது. கேமராப் பை தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ராத்திரி வைத்தபடியே கிடந்தது. உட்கார்ந்து கேமராவை எடுத்து, கையால் நிழல் கட்டி, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

எல்லாம் போச்சு. ஒரு நட்சத்திரம்கூடப் புள்ளியாக விழவில்லை. ஒவ்வொன்றும் எண்ணெய்ச் சொட்டு மாதிரி ஊதிக் கிடந்தது. தூரத்துக்கு வைக்க வேண்டிய லென்ஸ் வளையத்தை, இருட்டில் கை பட்டுக் கிட்டத்துக்குத் திருப்பியிருக்கிறான். ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் பொருத்துகிறவன் நூற்று நாற்பது படத்தையும் பத்தடி தூரத்துக்கு வைத்து எடுத்திருக்கிறான்.

எட்டாவது படத்தில் கை நின்றது. அதில் மாமனார் இருந்தார். வயிற்றோடு அழுத்திய டார்ச்சின் வெளிச்சம் விரலிடுக்கில் கசிந்து கீழிருந்து முகத்தில் பட்டிருந்தது. மூக்கு, குனிந்த இமை, இரண்டு நாள் தாடி, சட்டையின் மேல் பொத்தான் எல்லாமே துல்லியமாக விழுந்திருந்தன. சரியாகப் பத்தடியில் நின்றவர் அவர் ஒருவர்தான். நடமாடினால் இப்படி விழாது, கலங்கிப்போகும். இருபத்தைந்து நொடியில் பெரும்பகுதி ஆடாமல் நின்றிருக்கிறார்.

அந்தப் படத்தை அழிக்க மாப்பிள்ளையின் விரல் போனது உண்மை. அழிக்கவில்லை. செருப்பை எடுத்துக் கேமராவுக்கு அடியில் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே வந்து, "கிடைக்கலை," என்று மனைவியிடம் சொன்னான்.

"என்ன அத்தான், கேமராவோட வர்றீங்க?" என்றான் மச்சான். "நல்லதாப் போச்சு. ஃபிரேம் போட அப்பா படம் ஒண்ணுமே இல்லை. ஆபீஸ் கார்டுல இருக்கிறது முப்பது வருஷப் படம், மீசையைத் தவிர ஒண்ணும் தெரியலை. நீங்க ஒண்ணாவது எடுத்திருப்பீங்களே?"

"இல்லை. சார்ஜும் இல்லை."

"குடுங்க, என் சார்ஜர் சேருதான்னு பார்ப்போம்." மச்சான் பையின் ஜிப்பில் கை வைத்தான்.

"தொடாதே."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. நாலு பேர் திரும்பினார்கள். "லென்ஸ்ல தூசி போயிடும்," என்று சேர்த்துச் சொன்னான். மச்சான் கையை எடுத்துக்கொண்டான். அப்பா செத்துக் கிடக்கும்போது தூசியைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் என்று நினைத்திருப்பான். உண்மையை நினைப்பதற்கு அது தேவலாம். ஆபீஸ் கார்டையே பெரிதாக்கக் கொடுத்தனுப்பினார்கள்.

தையல்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வருவதற்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையைக் கடைக்குள் அழைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"தெருமுனைப் பெட்டியில அட்டை தொங்குது, பார்த்தீங்களா?"

"என்ன அட்டை அண்ணே?"

"லைன்மேன் அட்டை. பெட்டியைத் திறந்து தெருவிளக்கை அணைச்சுட்டு மாட்டியிருக்கு. பூட்டை உடைக்கலை, சாவி போட்டுத்தான் திறந்திருக்கு. பழைய சாவி ஒண்ணு அவர்கிட்டயே இருந்துச்சு." தையல்காரர் ஊசி குத்திவைத்த பஞ்சுப் பொதியைத் திருப்பிக்கொண்டே பேசினார். "அப்புறமா ஒரு எட்டு போய்ப் பாருங்க."

அந்த அட்டையைத் தெருவில் அறியாதவர் கிடையாது. லைன்மேன் வேலையில் இருந்த காலத்தில், அவர் கம்பத்தின் மேல் இருக்கும்போது கீழே ஒரு புண்ணியவான் விளக்கு எரியவில்லையே என்று சுவிட்சைப் போட்டுவிட்டான். இரண்டு விரல் கருகியதோடு பிழைத்தார். அதிலிருந்து அவர் தெருவுக்கே போட்ட சட்டம்: அட்டை தொங்கினால் எவனும் கை வைக்கக்கூடாது. கீழே இருப்பவன் "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்க வேண்டும். மேலே வேலையில் இருந்தவன் இறங்கி வந்து, தன் வாயால் "இறங்கியாச்சு" என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். பிள்ளைகள்கூடத் தெருவில் இதைச் சொல்லி விளையாடியதுண்டு.

மாப்பிள்ளை தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். யோகம் என்று நினைத்த இருட்டு. பதினாலு படி என்றுதான் இதுவரை அவன் கணக்கு. நாற்பத்திரண்டு படி இறங்கி, தெருமுனைவரை நடந்து, திரும்பி நாற்பத்திரண்டு ஏறி, அதற்கு மேல் பதினாலும் ஏறி வந்து, ஒரு விஷயம் சொல்ல நின்றிருக்கிறார். அணைத்தாயிற்று, இனி நிம்மதியாக எடுங்கள் என்பதுதான் விஷயம். பிறகு கீழே போய், மகளிடம் கை குடைகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏன் குடைகிறது என்று சொல்லியிருந்தால் அவள் மேலே வந்து புருஷனைக் கேட்டிருப்பாள். அவன் பேசிய பேச்சும் வெளியே வந்திருக்கும். அது வராமல் பார்த்துக்கொண்டார்.

போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வண்டி வந்தது. பையைத் தோளிலிருந்து இறக்காமலே கூடப் போனான்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது இருட்டிவிட்டது. வண்டியிலிருந்து இறங்கிய மச்சான் வாசல் கல்லில் தடுக்கிக்கொண்டான்.

"என்ன தெருவே இப்படிக் கிடக்கு? லைட்டு இல்லையா?"

மகள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே போக மனமில்லை போலும்.

"நேத்து ராத்திரியிலிருந்தே இல்லை," என்றார் தையல்காரர். "ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். அட்டை தொங்குதான்னு கேட்டாங்க. தொங்குதுன்னேன். அப்ப நாங்க போட மாட்டோம், மாட்டினவரைக் கேளுங்கன்னாங்க. மாட்டினவரைத்தான் இப்ப அனுப்பிவெச்சுட்டு வந்து நிக்கறோம்."

"அப்பாவா?" அவள் நிமிர்ந்தாள். "அப்பா எப்படிண்ணே மாட்டுவாரு? அவருதான் படியே இறங்கலையே."

"எங்கேயாவது பழைய அட்டையா இருக்கும். நான் போய்ப் போட்டுட்டு வரேன்," என்று மச்சான் கிளம்பினான்.

"கை வைக்காதே தம்பி. உங்கப்பா போட்ட சட்டம் அது. யாருக்காக மாட்டினாரோ அந்த ஆளு வந்து வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இருட்டாவே கிடந்துட்டுப் போகட்டும்."

யாரையும் பார்க்காமல் கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார் அவர். மாப்பிள்ளைக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. எனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு மாடியேறிப் போயிருக்கலாம். சொல் நாக்கின் நுனிவரை வந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியலைடா," என்றாள் அவள் தம்பியிடம். "கை குடையுதுன்னு சொன்னப்பவே நான் குடைஞ்சு கேட்டிருக்கணும். நான்தான் தூங்கப் போயிட்டேன். என் அப்பனை நான்தான்..."

"எனக்காக மாட்டினாரு," என்றான் மாப்பிள்ளை.

அவள் திரும்பினாள்.

"நட்சத்திரம் எடுக்கிறதுக்கு விளக்கு இடைஞ்சல்னு புலம்பினேன்ல. இறங்கிப் போய் அணைச்சுட்டு, அதைச் சொல்ல மொட்டைமாடிக்கு வந்தாரு. டார்ச் வெளிச்சம் படத்துல பட்டுடுச்சு. நான் திட்டினேன். டாக்டர் கேட்டப்ப பொய் சொன்னேன். உன் மேல தப்பில்லை."

தோளிலிருந்து பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, செருப்பை எடுத்து அவள் பக்கத்தில் படியில் வைத்தான். இரண்டும் ஜோடி சேரவில்லை. அவள் குனிந்து அவற்றைச் சேர்த்து வைத்தாள்.

"என்ன சொல்லித் திட்டினீங்க?"

"விடு."

"சொல்லுங்க."

"இங்கேயும் வரணுமான்னு கேட்டேன்." கொஞ்சம் நின்று, மிச்சத்தையும் சொன்னான். டிவி, ஜன்னல், இருமல் எல்லாவற்றையும். சொல்லும்போது தெருவில் யாரும் இல்லை, தையல்காரரையும் மச்சானையும் தவிர. ஊரே கேட்டதுபோல் இருந்தது.

"அவரு என்ன சொன்னாரு?"

"தப்புதான்னாரு."

அவள் செருப்பின் வாரைத் தடவிக்கொண்டிருந்தாள். "படம் வந்துச்சா?" என்று கேட்டாள் கடைசியில்.

அவன் கேமராவை முடுக்கி எட்டாவது படத்தை எடுத்துக் கொடுத்தான். இருட்டில் அந்தச் சின்னத் திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. மச்சான் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இருக்கே அத்தான். இவ்வளவு நல்லா இருக்கு, இல்லைன்னுட்டீங்களே." அவன் இன்னும் குனிந்து பார்த்தான். "ஆடாம அசையாம நின்னிருக்காரே."

"நான் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றான் மாப்பிள்ளை. "அதான் அசையலை."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"போய் லைட்டைப் போட்டுட்டு வாங்க. ஜனங்க நடக்கணும்ல."

தையல்காரர் போனின் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு கூட வந்தார். தெருமுனைக் கம்பத்தில் பெட்டியின் கதவு பூட்டாமல் சாத்தியிருந்தது. கைப்பிடியில் சணல் கயிற்றில் தொங்கியது அட்டை. சிவப்பில் அச்சடித்த எழுத்து: ஆள் வேலையில் இருக்கிறார். போடாதே. அதற்குக் கீழே பெயர் எழுத ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் பென்சிலால், கைநடுக்கத்தோடு, ஆனால் அழுத்தமாக எழுதியிருந்தது: மாப்பிள்ளை.

அவன் அதைப் படித்துவிட்டு நின்றான். வெளிச்சம் அசையாமல் அதன் மேலேயே இருந்தது.

"காலையிலேயே பார்த்துட்டீங்களா அண்ணே?"

"அஞ்சரைக்கு. விஷயம் தெரியறதுக்கு முந்தி."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? வேலையில இருந்தது நீங்க." தையல்காரர் கொஞ்சம் நகர்ந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முறையாக, சற்று உரக்கவே கேட்டார். "எல்லாரும் இறங்கியாச்சா?"

மாப்பிள்ளை மொட்டைமாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவர் அவசரப்படுத்தவில்லை.

"இறங்கியாச்சு," என்றான்.

அட்டையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த இரும்புப் பிடியை மேலே தள்ளினான். விளக்குகள் துடித்துத் துடித்து ஒவ்வொன்றாகப் பிடித்தன. தெருமுனையிலிருந்து பார்க்க வாசல்படி தெரிந்தது. வெளிச்சம் விழுந்ததும் அந்தச் சின்னத் திரையில் படம் மங்கிவிட்டிருக்க வேண்டும். அவள் கேமராவைக் கையால் மறைத்துப் பார்த்தாள். பிறகு செருப்பையும் எடுத்துக்கொண்டு எழுந்து, மாடிப்படிக்குக் கீழே இருட்டு மிச்சமிருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.